மைக்ரோ வரவில்லை

அக்கா என்னிடம் கடைசியாகக் கேட்ட உதவி ஒரு குறியைப் பற்றியது.

"அடியே பூச்சி, இந்த மைக்ரோ வரமாட்டேங்குதுடி. கொஞ்சம் வந்து பாரேன்."

நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தலையணை உறைகளில் ஒன்று ஜோடி இல்லாமல் நின்றது. அதைத் தேடிக்கொண்டே, "ரெண்டு போடு போடு, தானா வரும்" என்றேன்.

"உனக்குப் போடணும் ரெண்டு. சரி விடு, நட்சத்திரம் போட்டு வெச்சிட்டேன். வந்து பாத்துக்கலாம்."

பிறகு காகிதக் கட்டு பைக்குள் நுழையும் சத்தம், செருப்பைக் காலால் துழாவும் சத்தம். "அச்சகத்துல குடுத்துட்டு ஒரு மணிக்குள்ள வந்துருவேன். காய் மட்டும் நறுக்கி வை, வேற ஒண்ணும் செஞ்சு கெடுத்துடாத" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. நான் வெளியே வந்து பார்க்கவில்லை.

பேருந்து கடைசி நிறுத்தத்துக்குப் போய் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், அக்கா இறங்கவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்து நடத்துநர் தோளைத் தொட்டிருக்கிறார். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர். அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது.

அக்காவுக்கும் எனக்கும் ஒரே தொழில். அவள் புத்தகங்களுக்குக் கணினியில் பக்கம் கோப்பாள், நான் பிழை திருத்துவேன். வீட்டின் முன்னறைதான் எங்கள் அலுவலகம். இரண்டு மேசை, ஒரு கணினி, இருமிக்கொண்டே வேலை செய்யும் ஓர் அச்சுப்பொறி. பிழைகளை நான் பூச்சி பிடிப்பதுபோல் பிடிக்கிறேன் என்று எனக்குப் பூச்சி என்று பெயர் வைத்தவள் அவள்தான். நான் சேர்ந்த பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டு வாசித்துத்தான் சரிபார்த்தோம். அவள் மூலப்பிரதியிலிருந்து சொல்லுக்குச் சொல், புள்ளிக்குப் புள்ளி வாசிப்பாள். "அடைப்பு திற, பத்து, மைக்ரோகிராம், அடைப்பு மூடு, புதுவரி." நான் கோத்த பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டே போவேன். சந்தேகம் வந்தால் அவள் சொன்ன வரியை அப்படியே திருப்பிச் சொல்லுவேன். இதில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை. காது பழகிவிட்டது, அவ்வளவுதான். காதில் விழுந்ததை ஒரு சொல் மாற்றாமல் திருப்பிச் சொல்ல என்னால் இப்போதும் முடியும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் என் காதில் விழுந்ததை அதனால்தான் எழுதத் துணிகிறேன்.

சனிக்கிழமைகளில் பத்து மணிக்கு அக்காவின் மகள் கணினி வழியாகக் கூப்பிடுவாள். அவள் பெயர் வீட்டில் சுண்டு. வேறொரு நாட்டில் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள், அல்லது படித்துக்கொண்டிருக்கிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மகளோடு பேசிக்கொண்டே தட்டச்சு செய்வாள். பேச்சுக்கு நடுவே கை நிற்காது. அன்றைக்கும் அப்படித்தான். சுண்டு பேசியது எனக்குக் கேட்கவில்லை. அக்கா பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

"சைக்கிள் கடையா?"

விசைகள் படபடவென்று ஓடின. ஒரு விசையை மட்டும் அவள் கோபமாக அழுத்தும் சத்தம் கேட்டது. அப்புறம்:

"கோவம் என்னடி கோவம்? சின்ன வயசுலயே செயின் மாட்டுறேன்னு கையெல்லாம் கரியாக்கிட்டு வந்து என் நல்ல துணியில துடைச்சவதானே நீ. உனக்குப் புடிச்சிருந்தா அதையே செய். நாலு மாசமா யார்கிட்டயும் சொல்லாம தனியா வெச்சுக்கிட்டு இருந்தியே, அதுதான் எனக்கு வருத்தம்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஹலோ? சுண்டு?" என்றாள். பிறகு என் பக்கம் குரல் கொடுத்தாள். "வெச்சிட்டாடி. படிப்ப விட்டுட்டாளாம். நாலு மாசமா ஒரு சைக்கிள் கடையில ரிப்பேர் வேலை பாக்குறாளாம். இப்பத்தான் சொல்றா. வெக்கமா இருக்கும் கழுதைக்கு. சாயங்காலம் நானே கூப்பிட்டுக்கிறேன்."

அரை மணி நேரத்தில் அக்கா பேருந்தில் ஏறிவிட்டாள்.

சுண்டு இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தாள். வந்தவள் அழவில்லை. மாடி அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் இடுக்குகளில் கறுப்பு எண்ணெய் இன்னும் முழுதாகப் போகவில்லை. வந்தவர்கள் எல்லாம் கிளம்பி, வீட்டில் அக்காவின் கணவரான மாமா, அவள், நான் என்று மூன்று பேர் மட்டும் மிஞ்சிய பிறகு, ஆறாவது நாள் மத்தியானம், நான் கொண்டுபோன தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா கடைசியா எங்கிட்ட கேட்டது என்ன தெரியுமா சித்தி? 'சைக்கிள் கடையா?' அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை இல்ல."

"இல்லடி, பேசினா. நான் கேட்டேன்."

"'கோவமாம்மா'ன்னு கேட்டேன். பதில் இல்ல. டைப் அடிக்கிற சத்தம்கூட நின்னுபோச்சு. உங்களுக்கே தெரியும், கோவம் வந்தா மட்டும்தான் அம்மா கீபோர்ட்லேர்ந்து கைய எடுப்பா. நானும் எவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருக்கிறது? 'சரிம்மா, வெக்கிறேன்'னு வெச்சிட்டேன்."

"சுண்டு, இங்க பாரு. அவ கைய எடுக்கவே இல்ல. இந்தக் காதால கேட்டேன். கோவம் என்னடி கோவம்னு சொன்னா. உனக்குப் புடிச்சிருந்தா அதையே செய்னு சொன்னா."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். பொய் சொல்லும் பெரியவர்களைப் பார்க்கும் பார்வை அது. "சித்தி, வேண்டாம். எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு கதை கட்டாதீங்க. நான் சொன்னேன், அம்மா வாய மூடிக்கிட்டா, அரை மணி நேரத்துல போய்ச் சேந்துட்டா. இத நீங்க எப்படி ஜோடிச்சாலும் மாறாது."

"நான் எதுக்குடி ஜோடிக்கணும்?"

"என் போன்ல ஒண்ணும் கேக்கல. உங்களுக்குச் சுவர் வழியா கேட்டுச்சா?"

கீழே இறங்கி வந்தேன். அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எதையோ அடுப்பில் மறந்து வைத்தது போலிருக்கும். எழுந்து போனால் அடுப்பு அணைந்திருக்கும். நான் கேட்டதை அவள் கேட்கவில்லை என்றால், நான் கேட்டது என்ன? சுண்டு பேச்சை முடித்துக்கொண்ட பிறகு அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளா? அப்படியென்றால் "ஹலோ, சுண்டு" என்று எதற்குக் கேட்டாள்? அல்லது அக்கா சொல்லியிருக்க வேண்டியதை, ஆசைப்பட்டு, அழுதுகொண்டிருந்த அந்த நாட்களில் நானே எழுதிக்கொண்டேனா? பத்தொன்பது வருடம் நம்பிய காதை முதல்முறையாகச் சந்தேகப்பட்டேன். பீரோவைத் திறப்பேன், எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் மூடுவேன். மாமா பின்கட்டில் ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

பதினாறாவது நாள் சுண்டு திரும்பிப் போக வேண்டும். "அம்மாவோட கோவம்" என்று ஒன்றை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போகப்போகிறாள், வாழ்நாள் முழுக்க இறக்கி வைக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. என்ன சொன்னாலும் நம்பமாட்டாள் என்பதும் தெரிந்தது.

எட்டாவது நாள் அச்சகக்காரர் வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலிலேயே நின்றார்.

"கேக்கக் கூடாதும்மா. கேக்குற நேரமும் இல்ல. ஆனா அந்த நர்ஸம்மா புத்தகம்..."

ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் எழுதிய கையேடு அது. குழந்தைகள் வார்டில் புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கு, எந்த மருந்தை எந்த எடைக்கு எவ்வளவு கொடுப்பது என்று சொல்வது. அடுத்த மாதம் முதல் தேதி புது வகுப்பு தொடங்குகிறது. நூற்று எண்பது பக்கத்தில் நூற்று முப்பது பக்கம் அக்கா முடித்திருந்தாள். மீதி, நர்ஸம்மாவின் கையெழுத்தில் மேசைமேல் இருந்தது.

"நானே முடிச்சுத் தர்றேன்" என்றேன். கைக்கு வேலை கிடைத்தால் கால் நிற்கும் என்று ஓர் ஆசை.

நர்ஸம்மா அன்று மாலையே போனில் பேசினார். அக்காவுக்காக அழுதார். மூக்கைச் சிந்திவிட்டு உடனே, "அம்மாடி, ஒண்ணே ஒண்ணு. இனிமே வர்றதெல்லாம் அவசர மருந்து அத்தியாயம். வரிக்கு வரி மைக்ரோகிராம் வரும். அவசரத்துல வெறும் எம் போட்டுடாத. அது மில்லிகிராம் ஆயிடும். ஆயிரம் மடங்கு. அந்தப் புள்ளைங்க கைப்பிடி அளவுதான் இருக்கும்" என்றார்.

மறுநாள் காலை கணினி முன் உட்கார்ந்தேன். அக்கா தனக்கென்று விசைகளை அமைத்து வைத்திருந்தாள். வலது ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு டி தட்டினால் பாகைக்குறி, பி தட்டினால் கூட்டல்-கழித்தல், எம் தட்டினால் மைக்ரோ, அதாவது முன்பக்கம் வால் விட்ட ஒரு யு. மானிட்டரின் ஓரத்தில் அந்தப் பட்டியலை ஒட்டி வைத்திருந்தாள். பாகை வந்தது. கூட்டல்-கழித்தல் வந்தது. எம் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை. ஒன்றும் இல்லை. µ வர வேண்டிய இடத்தில் துடித்துக்கொண்டிருந்த கோடு துடித்துக்கொண்டே இருந்தது.

நூற்று முப்பதாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அக்கா அந்தச் சனிக்கிழமை காலையில் கோத்த பக்கம். மைக்ரோ வர வேண்டிய இடத்தில் எல்லாம் இரண்டு நட்சத்திரம். அதற்கு முந்தைய பக்கங்களில் மைக்ரோவே இல்லை, எல்லாம் மில்லிதான். அவசர மருந்து அத்தியாயம் அந்தப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. எத்தனை நாளாக அந்த விசை வேலை செய்யவில்லையோ, அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. "ரெண்டு போடு போடு" என்று நான் சொன்னதும் அன்றைக்குத்தான்.

வேறொரு கோப்பிலிருந்து குறியை நகல் எடுத்து ஒட்டிப் பார்த்தேன். திரையில் அழகாக இருந்தது, அச்சில் வெற்றுக் கட்டமாக வந்தது. எழுத்துரு ஒத்துக்கொள்ளவில்லை. கட்டத்தைப் பார்க்கும் ஒருவர், நல்ல எண்ணத்தில், பேனாவால் ஒரு எம் எழுதி வைத்துவிடுவார். அதை நினைத்ததும் எழுந்துவிட்டேன்.

கணினி ரிப்பேர்காரருக்குப் போன் போட்டேன். அக்காவுக்குப் பல வருடப் பழக்கம். விஷயத்தைக் கேட்டு வருந்தினார். பிறகு தொழிலுக்கு வந்தார்.

"கீபோர்ட மாத்திப் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தாச்சு."

"அணைச்சுப் போட்டீங்களா?"

"மூணு தடவை. நானும் அதுவும் களைச்சுப் போயிட்டோம்."

"அப்ப நடுவுல எவனோ புடுங்கிக்கிறான். நீங்க அழுத்துற கீ நேரா பக்கத்துக்குப் போறதில்ல மேடம். வழியில நாலஞ்சு பேர் கை நீட்டிக்கிட்டு நிப்பாங்க. யாராவது 'இது எனக்கு'ன்னு வாங்கிக்கிட்டா, பக்கத்துக்கு ஒண்ணும் போய்ச் சேராது."

"வலது ஆல்ட்டும் எம்மும் யாருக்குய்யா வேணும்?"

"அங்கதான் விஷயமே. வலது ஆல்ட்ட இந்த மெஷின் தனி ஆளா பாக்காது. கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேத்து அழுத்துனதாத்தான் எடுத்துக்கும். அதனால கன்ட்ரோல், ஆல்ட், எம் மூணையும் வேற எதுக்காவது எந்தப் புரோகிராமாவது புடிச்சு வெச்சிருக்கும். பின்னாடி ஓடுறதெல்லாம் ஒண்ணொண்ணா மூடுங்க. ஒவ்வொண்ணும் மூடினதும் அழுத்திப் பாருங்க. குறி வந்துச்சுன்னா, கடைசியா மூடினவன்தான் திருடன்."

அச்சுப்பொறியின் உதவி நிரலை மூடினேன். வரவில்லை. அகராதியை மூடினேன். வரவில்லை. படம் பிடிக்கும் ஒன்று, கடிகாரம் ஒன்று. வரவில்லை. திரையின் மூலையில் கடைசியாக ஒரு சின்ன நீல வட்டம் மிஞ்சியிருந்தது. சுண்டு கூப்பிடும் புரோகிராம். அதை மூடினேன்.

µ வந்தது.

வந்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது, அதை மறைக்கவில்லை. இன்னொன்று தட்டினேன், வந்தது. ஒரு வரி முழுக்கத் தட்டினேன். பிறகு, அந்த விசையால் இந்தப் புரோகிராமுக்கு என்ன வேலை என்று பார்க்க அதை மறுபடி திறந்து, அமைப்புகளுக்குள் போனேன். குறுக்குவிசைகள் என்று ஒரு பட்டியல். அதில் ஒரே ஒரு கட்டம் நிரப்பியிருந்தது. கன்ட்ரோல், ஆல்ட், எம். அதற்கு நேரே: மைக்கை அணைக்க அல்லது திறக்க. கீழே ஒரு டிக்: ஜன்னல் பின்னால் இருந்தாலும் வேலை செய்யும்.

அந்த வரியை இன்னொரு தடவை வாய்விட்டு வாசித்தேன்.

அக்கா "சைக்கிள் கடையா?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தட்டச்சைத் தொடர்ந்திருக்கிறாள். முதல் மைக்ரோ வந்த இடத்தில் வலது ஆல்ட்டும் எம்மும். பக்கத்தில் குறி விழவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் மைக் அணைந்துவிட்டது. அக்காவுக்கு மகள் பேசுவது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மகளுக்கு அம்மாவும் கேட்கவில்லை, அம்மாவின் விசைகளும் கேட்கவில்லை. அக்கா எத்தனை தடவை அழுத்தினாளோ தெரியாது. கடைசியில் மைக் அணைந்த நிலையில் நின்றிருக்கிறது. கோபம் என்னடி கோபம் என்று அக்கா சொன்னது இந்த அறைக்குள்ளேயே நின்றுவிட்டது.

என் காது பொய் சொல்லவில்லை. சுண்டுவின் காதும் பொய் சொல்லவில்லை. ஓடிப்போய் மாடிப்படி ஏறியவள், பாதியில் நின்றேன்.

அந்தக் கட்டத்தை நிரப்பியது யார் என்பது ஞாபகம் வந்துவிட்டது.

அக்கா போவதற்கு மூன்று வாரம் முன்னால், அதே போல ஒரு சனிக்கிழமை. அக்கா ஹெட்போன் இல்லாமல் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தாள். சுண்டுவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "அம்மா, நீ டைப் அடிக்கிறது எனக்குக் கூரை மேல கல் விழுற மாதிரி இருக்கு. காது கிழியுது. நான் பேசும்போது உன் மைக்க அணைச்சு வெச்சுக்க ஒரு வழி பண்றேன், நான் சொல்ற இடத்துல அழுத்து. கன்ட்ரோல், ஆல்ட், எம். எம்னா ம்யூட். ஞாபகம் வெச்சுக்கிறது சுலபம்."

"எனக்கு எதுக்குடி மூணு விரல் வித்தை? நான் பாட்டுக்கு மறந்துருவேன்" என்று அக்கா சிரித்தாள். மறந்தும் போனாள்.

கீழே இறங்கினேன். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடந்தேன். செருப்பு போட்டுக்கொண்டு தெருமுனை வரை போனேன். அங்கே எனக்கு ஒன்றும் வாங்க வேண்டியிருக்கவில்லை, திரும்பி வந்தேன். சொல்லாவிட்டால், அம்மா கோபத்தோடு செத்தாள் என்று அவள் நம்பிக்கொண்டிருப்பாள். சொன்னால், அம்மா பதில் சொன்னாள் என்று தெரியும். அந்தப் பதில் வராமல் போனதற்குக் காரணம் தன் கை என்றும் தெரியும். பாதியைச் சொல்லலாமா? ஏதோ கோளாறு, இயந்திரம் என்றால் அப்படித்தான் என்று. சுண்டு சைக்கிளைப் பிரித்துப் பூட்டுகிறவள். "என்ன கோளாறு, காட்டுங்க" என்பாள். காட்டினால் கட்டம் தெரியும்.

மாமா பின்கட்டிலிருந்து ஈரக்கையோடு வந்தார். "என்ன, குறி வந்துச்சா?"

"வந்துச்சு மாமா."

"அப்புறம் ஏன் இப்படிக் குறுக்கயும் நெடுக்கயும் நடக்குற?"

முன்னறைக்குப் போனேன். வாயால் சொன்னால் அவள் நம்பமாட்டாள், கேட்க வைத்துவிட வேண்டும் என்று அந்த நிமிடத்தில்தான் முடிவெடுத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தப் புரோகிராமில் சுண்டுவின் பெயரைத் தட்டி, கூப்பிடு என்பதை அழுத்திவிட்டேன்.

நான் செய்த முட்டாள்தனம் மாடியில் போன் அடித்த பிறகுதான் உறைத்தது. அது அக்காவின் கணக்கு.

படிகளில் ஒருத்தி ஓடி வரும் சத்தம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. அதன் திரையில் அம்மா என்று எழுதியிருந்தது. சுண்டுவின் முகத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை.

"என்ன சித்தி இது? என்ன விளையாட்டு இது!"

"மன்னிச்சுக்கோடி. யோசிக்காம செஞ்சுட்டேன். ஆனா எடு. எடுத்துக்கிட்டு மேல போ. நான் பேசுறதக் கேளு. கேக்கலன்னா கேக்கலன்னு வந்து சொல்லு."

"பைத்தியம் புடிச்சிருக்கா உங்களுக்கு?"

"புடிச்சிருக்கு. போ."

என்ன நினைத்தாளோ, எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு போனாள். அவள் மூச்சு என் ஹெட்போனில் கேட்டது. நூற்று முப்பதாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். "சைக்கிள் கடையா?" என்றேன். பிறகு பக்கத்தில் இருந்த முதல் வரியைத் தட்டினேன். மைக்ரோ வரவேண்டிய இடத்தில் அக்கா அழுத்தியதுபோல் வலது ஆல்ட்டையும் எம்மையும் அழுத்தினேன். அந்த வரி முடிந்ததும், அக்கா சொன்னதை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை சொன்னேன்.

"சித்தி?" என்றாள் சுண்டு என் காதில். "சித்தி, இருக்கீங்களா? ஒண்ணும் கேக்கல... டைப் அடிக்கிற சத்தமும்..."

அத்தோடு நிறுத்திவிட்டாள். நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன்.

திரும்பி வந்தபோது மெதுவாக இறங்கி வந்தாள். என் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். நான் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். நிரப்பிய கட்டத்தை விரலால் காட்டவில்லை. காட்ட வேண்டியிருக்கவும் இல்லை.

"எம்னா ம்யூட்" என்றாள்.

"ம்."

"இத வெச்சது நான்."

"ஆமா."

பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பின்கட்டில் தண்ணீர் திறந்தது, நின்றது.

"நீங்க இத எங்கிட்ட சொல்லாம விட்டிருக்கலாம் சித்தி."

"விட்டிருக்கலாம்."

"அப்புறம் ஏன்?"

"உங்கம்மா பதில் சொன்னாடி. அது உனக்கு வர வேண்டியது. அத நான் வெச்சுக்க முடியாது."

அப்போதுதான் அழுதாள். ஒன்பது நாள் அழாதவள் அழுத அழுகை அது. நான் அவள் தலையில் கை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். மாமா கதவருகில் வந்து பார்த்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தள்ளுங்க" என்றாள். அந்தக் கட்டத்துக்குள் இருந்ததை அழித்தாள். சரி என்பதை அழுத்தினாள். பக்கத்துக்கு வந்து வலது ஆல்ட், எம் தட்டினாள். குறி வந்தது. முதல் நட்சத்திரங்களை அழித்துவிட்டு அங்கே ஒன்று போட்டாள்.

"மீதிப் பக்கமெல்லாம் யார் அடிக்கப் போறா?"

"நான்தான்."

"உங்க வேகத்துக்கு அந்தப் புள்ளைங்கெல்லாம் வளந்து கல்யாணம் பண்ணிக்கும். நான் அடிக்கிறேன், நீங்க படிங்க."

"சைக்கிள் கடைக்காரிக்கு டைப் அடிக்கத் தெரியுமா?"

"அம்மா வயித்துல இருக்கும்போதே இந்தச் சத்தத்தக் கேட்டு வளந்தவ நான்."

ஐந்து நாளில் ஐம்பது பக்கம் முடித்தோம். நான் நர்ஸம்மாவின் கையெழுத்திலிருந்து வாய்விட்டு வாசித்தேன். அவள் கோத்தாள். கோத்து முடித்ததை அவள் வாசிக்க நான் சரிபார்த்தேன். எண்ணூற்றுச் சொச்சம் இடங்களில் மைக்ரோ வந்தது. ஒவ்வொரு தடவை அவள் அந்த இரண்டு விசையை அழுத்தும்போதும் எனக்குள் ஏதோ ஒன்று நின்று பிறகு நகர்ந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். எண்ணூறு தடவையும் விரல் ஒரு நொடி தாமதித்தது. ஒன்றுகூட எம் ஆகவில்லை. நர்ஸம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, சரி என்றார். புத்தகம் முதல் தேதிக்கு முந்தின நாள் வந்தது.

அதற்குள் சுண்டு போய்விட்டாள். கிளம்புகிற அன்று, பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. அம்மா சொன்னத. நீங்களா எதுவும் சேக்காம."

சொன்னேன். பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அம்மாவின் பதில் வராமல் போனது தன் கையால்தான் என்பது அவளைவிட்டுப் போகவில்லை. போகும் என்று நான் நினைக்கவும் இல்லை. சில நாட்களில் வேலை நடுவே கூப்பிடுவாள். பின்னால் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்கும். நலமா என்றுகூடக் கேட்கமாட்டாள். "சொல்லுங்க சித்தி" என்பாள். எந்தக் கையில் என்ன இருந்தாலும் கீழே வைத்துவிட்டுச் சொல்லுவேன். அவளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு சொல்லை இனிப்பாக்கிவிடலாமா என்று முதல் வருடம் ஒரு தடவை ஆசை வந்தது. செய்யவில்லை. செய்திருந்தால் அன்றோடு கேட்பதை நிறுத்தியிருப்பாள்.

இது ஏழாவது வருடம். சொற்கள் அதே சொற்கள், அதே வரிசை. "அதுதான் எனக்கு" என்பதற்கும் "வருத்தம்" என்பதற்கும் நடுவே அக்கா ஒரு தடவை இருமினாள். அந்த இடத்தில் நானும் நிறுத்தி, இங்கே இருமல் என்று சொல்லிவிட்டு, மீதியைச் சொல்கிறேன்.